கசகசாவும் காணாமல் போன கோடும்

என்னைப் பெண் கேட்டு வந்தவரிடம் என் அப்பா சிறுநீர் கேட்டார். இதைச் சொன்னால் திருவனந்தபுரத்தில் பாதிப்பேர் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். மீதிப்பேர் "நல்ல காரியமாக்கும்" என்று தலையாட்டுகிறார்கள். தலையாட்டுகிறவர்கள் பெரும்பாலும் பெண்ணைப் பெற்றவர்கள்.

அப்பாவுக்கு ஆரியசாலையில் மசாலாச் சரக்கு மொத்த வியாபாரம். கீழே கடை, மாடியில் வீடு. எங்கள் வீட்டுச் சுவரை மோந்தாலே சீரகமும் கிராம்பும் மணக்கும். பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்த பெண்களுக்குப் பத்து மணிக்கே பசிக்கும். சாம்பிள் பார்க்காமல் அப்பா எந்தச் சரக்கையும் எடுத்ததில்லை. மிளகை உள்ளங்கையில் வைத்துத் தேய்ப்பார். ஏலக்காயைப் பிளந்து காதருகே குலுக்குவார். அதில் என்ன கேட்கும் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கசகசாவை மட்டும் நாக்கின் நுனியில் போட்டுக்கொண்டு கண்ணை மூடிவிடுவார். கசகசாதான் அவருடைய தனிப் பெருமை. ராஜஸ்தான் பக்கத்திலிருந்து வரும், கழுவாத, மெருகேற்றாத, அந்த வருஷத்துப் புதுச் சரக்கு. கல்யாணச் சமையல்காரர்கள் சாலைக் கடைத்தெரு முழுக்கக் கடைகள் இருக்க, கசகசாவுக்கு மட்டும் எங்கள் படி ஏறுவார்கள்.

நான் நகரத்தில் ஒரு தனியார் லேபில் பயோகெமிஸ்ட். ரத்தமும் சிறுநீரும்தான் என் பிழைப்பு. கப்பல் வேலைக்குப் போகிறவர்கள், வளைகுடாவுக்குப் போகிறவர்கள், கழக்கூட்டம் பக்கத்துக் கம்ப்யூட்டர் கம்பெனிகளில் சேருகிறவர்கள் என்று போதைப்பொருள் சோதனைக்குத் தினமும் ஆட்கள் வருவார்கள். அதில் பலருக்குச் சிறுநீர் என்பது சித்ரகுப்தனின் ஏடு என்ற நினைப்பு. பிறந்தது முதல் செய்த பாவமெல்லாம் அதில் வந்துவிடும் என்று தயங்கித் தயங்கிக் கோப்பையை நீட்டுவார்கள். பயத்தில் குடம் குடமாகத் தண்ணீர் குடித்துவிட்டு வெறும் தண்ணீரையே கொடுக்கிறவர்களும் உண்டு. அவர்களைத் திருப்பி அனுப்பி, பிறகு வரச் சொல்லுவோம். ஒருவர் கொடுத்த கோப்பை கையில் வாங்கும்போதே சில்லென்று இருந்தது. உடம்பிலிருந்து அப்போதுதான் வந்த சிறுநீர் சில்லென்று இருக்காது என்பது அவருக்குத் தோன்றவே இல்லை, பாவம்.

இப்படி ஊரார் சிறுநீரைப் பார்த்துக்கொண்டு நிம்மதியாக இருந்த எனக்கு வரன் பார்க்கத் தொடங்கினார்கள். அதே நேரம் பார்த்து மலையாளப் பத்திரிகைகளில் போதைப்பொருள் செய்தி வராத நாளே இல்லை என்றாகிவிட்டது. அப்பா காலையில் சாயாவும் பத்திரிகையுமாக உட்கார்ந்து, பிடிபட்டவர்களைப் பற்றி உரக்க வாசிப்பார். வாசித்து முடித்ததும், "இதுவும் நல்ல குடும்பத்துப் பிள்ளையாக்கும், கேட்டியா?" என்பார். அம்மா தோசையைத் திருப்பிப் போட்டபடி, "பேப்பரை மூடிட்டுச் சாப்பிட வாங்க," என்பாள். அவர் மூடமாட்டார்.

அப்போதுதான் கரமனையிலிருந்து ஒரு வரன் வந்தது. அவர் கழக்கூட்டத்தில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தார். அவருக்கு அப்பா இல்லை. அம்மா பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரே அவரை 'டீச்சர்' என்றுதான் கூப்பிடும். அந்தக் குடும்பமும் எங்களைப்போலவே நாஞ்சில் நாட்டிலிருந்து எப்போதோ வந்த குடும்பம். முதல் தடவை வந்து சாயா குடித்துவிட்டுப் போன பிறகு, நாங்கள் இரண்டு பேரும் போனில் பேசிக்கொள்ளலாம் என்று பெரியவர்கள் பெரிய மனது பண்ணி அனுமதித்தார்கள்.

அதற்கு முன்பு வந்த வரன்கள் எல்லாம் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: கல்யாணத்துக்குப் பிறகு வேலைக்குப் போவீர்களா? இவர் கேட்டது, "உங்க வேலையில ரொம்ப மோசமான நாள்னா அது எப்படி இருக்கும்?" நான் ஜாம் பாட்டில் நிறையச் சிறுநீர் கொண்டுவந்து என் மேஜைமேல் கவிழ்த்த ஒருவரின் கதையைச் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. போன் கட்டாகிவிட்டது என்று நினைத்தேன். சிரிப்பில் மூச்சு முட்டிக்கொண்டிருந்திருக்கிறார். எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. இந்தக் கல்யாணம் நடக்கவேண்டும் என்று முதல் முறையாக ஆசைப்பட்டேன். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. மாப்பிள்ளையைப் பற்றிப் பெண் வாய் திறந்து பேசுகிற பழக்கம் எங்கள் வீட்டில் இல்லை.

ஜாதகம் பொருந்தியது. டீச்சரையும் மகனையும் ஞாயிற்றுக்கிழமை மத்தியான ஊணுக்கு அழைத்தார்கள். பேசி முடித்துவிடலாம் என்று ஏற்பாடு. அதற்கு முந்தின நாள் அப்பா ஒரு அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடியேறி வந்தார். திறந்து பார்த்தால் உள்ளே நான் தினமும் பார்க்கிற சமாசாரம்: சிறுநீரில் நனைத்துப் போதைப்பொருள் பார்க்கிற அட்டைகள், பெட்டி நிறைய.

"இது என்னதுக்குப்பா?"

"சாம்பிள் பாக்கணும்லா," என்றார் அப்பா, என்னைப் பார்க்காமல்.

"அதுக்கு ஒண்ணு போதாதா? இத்தனை எதுக்கு?"

"சில்லறையா வாங்கி எனக்குப் பழக்கமில்ல மக்களே." ஒற்றைப் பிள்ளையானாலும் நாஞ்சில் நாட்டு வழக்கப்படி நான் அவருக்கு 'மக்களே'தான்.

எனக்குத் தலைக்கு மேல் கோபம் வந்தது. ஒரு மனிதரை வீட்டுக்கு அழைத்துச் சோறு போட்டு மூத்திரம் கேட்பதா? நான் கத்தினேன். அவர் பிடிவாதமாக நின்றார். அவரிடம் இன்னொரு யோசனையும் இருந்தது. குளியலறைக்குப் போகிற தண்ணீரைக் குழாயில் அடைத்துவிட்டால் மாப்பிள்ளை போய்விட்டு வந்ததும் அவருக்கே தெரியாமல் வேலையை முடித்துவிடலாமாம். இதைக் கேட்டு அம்மாவே வாயில் கைவைத்துக்கொண்டாள். கடைசியில், கேட்டே தீருவதென்றால் முகத்துக்கு நேரே கேட்கவேண்டும், அவர் வேண்டாமென்றால் விட்டுவிடவேண்டும் என்று ஒப்பந்தமாயிற்று. அப்பாவுக்கே கொஞ்சம் கூச்சம் வந்திருக்கவேண்டும். என் பக்கத்தில் உட்கார்ந்து, ஏஜெண்டிடம் சரக்கைப் பற்றி விசாரிப்பதுபோல் விசாரித்தார்.

"இது குடியைக் காட்டுமா?"

"காட்டாது."

"பீடி, சிகரெட்டு?"

"அதுக்கு வேற கார்டு."

"கஞ்சா?"

"காட்டும். விடாம இழுக்கிறவன்னா வாரக்கணக்குலகூடக் காட்டும். ஆனா எப்போ இழுத்தான், எவ்வளவு இழுத்தான், இப்போ மயக்கத்துல இருக்கானான்னு ஒண்ணும் சொல்லாது."

"இப்போ புதுசு புதுசா என்னவெல்லாமோ வருதே?"

"இந்தக் கார்டுக்கு அஞ்சே அஞ்சு வகைதான் தெரியும். ஆறாவது ஒண்ணு எதிர்ல வந்து நின்னாலும் இதுக்கு ஆள் தெரியாது. சில ஜலதோஷ மாத்திரையைப் போதைன்னு தப்பா எடுத்துக்கிறதும் உண்டு. இது முதல் சல்லடைப்பா, அவ்வளவுதான். இதுல தங்கினதை லேபுல மறுபடியும் பாத்துத்தான் சொல்லமுடியும்."

"பின்னே என்ன எழவுக்கு இத விக்கானுவ?" என்றார் அப்பா. ஆனாலும் பெட்டியைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வந்தார்கள். இலை போட்டு ஊணு. அப்பாவுக்கு எப்படிக் கேட்பது என்ற தவிப்பு உள்ளே குடைந்துகொண்டிருந்தது. கேட்கவேண்டியதைக் கேட்க வாய் வராதபோதெல்லாம் கரண்டியை எடுத்தார். மற்ற வீடுகளில் விசேஷம் என்றால் பால் பாயசம், அடைப் பிரதமன். எங்கள் வீட்டில் கசகசாப் பாயசம். கசகசாவையும் தேங்காயையும் விழுதாக அரைத்து வெல்லம் போட்டுக் கொதிக்கவைப்பது. அன்று குருமாவிலும் கசகசா தாராளம், சொந்தச் சரக்கல்லவா? மாப்பிள்ளை கையை இலைக்கு மேல் குறுக்கே வைத்துப் பார்த்தார். அப்பா அந்த விரலிடுக்கில் ஊற்றினார். டீச்சருக்குச் சர்க்கரை வியாதி என்பதால் பாயசத்திலிருந்து தப்பித்தார். நான் அப்பாமேல் இருந்த கோபத்தில் குருமாவையும் தொடவில்லை, பாயசத்தையும் தொடவில்லை. தயிர்சாதத்தோடு எழுந்துவிட்டேன்.

சாப்பாடு முடிந்து பேச்சு நீண்டது. மழை பிடித்துக்கொண்டதால் அவர்களும் கிளம்பவில்லை. அப்பா மூன்று தடவை தொண்டையைக் கனைத்தார். மூன்று தடவையும், "தம்பிக்கு இன்னொரு சாயா?" என்று முடித்தார். சாயங்காலம் மழை விட்டு டீச்சர் குடையைத் தேடும்போதுதான் அம்மா அப்பாவின் முதுகில் ஒரு தள்ளு தள்ளினாள்.

"தம்பி, ஒரு காரியம்... தப்பா எடுக்கப்பிடாது... ஒரு சாம்பிள்..." என்று அப்பா தொடங்கி, நடுவழியில் நின்று, என்னைப் பார்த்தார். இந்த அழகில் இருக்கிறது இவர் தைரியம்! நான் லேபில் பேசுகிற குரலை வரவழைத்துக்கொண்டேன்.

"சிறுநீர் சாம்பிள். போதைப்பொருள் இருக்கான்னு பாக்கணும்னு அப்பாவுக்கு ஒரு ஆசை. உங்களுக்கு இஷ்டமில்லைன்னா வேண்டாம்."

டீச்சர் குடையைக் கீழே வைத்தார். மாப்பிள்ளை முதலில் தன் அம்மாவைப் பார்த்தார், பிறகு என்னை. முகம் சிவந்துதான் இருந்தது. நான் எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

"ஜோலிக்குச் சேரும்போது ஒருதரம் குடுத்திருக்கேன் அங்கிள்," என்றார் மெல்ல. "கல்யாணத்துக்குக் குடுக்கிறது இதாக்கும் முதல் தடவை. கோபம் வரலன்னு பொய் சொல்லமாட்டேன், கேட்டோ. பின்னே சாரமில்ல, போகட்டும், கோப்பை எங்க?"

சாயாவுக்கு வைத்திருந்த காகிதக் கோப்பை ஒன்றோடு அவர் குளியலறைக்குள் போனார். டீச்சர் நாற்காலியில் திரும்ப உட்கார்ந்து, எதிர்ச் சுவரில் இருந்த காலண்டரை வெறித்துப் பார்த்தார். அப்போது அந்த அறையில் யாரும் யாரையும் பார்க்கவில்லை.

அட்டையை நனைக்கும் வேலையை அப்பா யாரிடமும் கொடுக்கவில்லை. சாம்பிள் பார்ப்பது அவர் தொழில். மேஜையில் பத்திரிகையை விரித்து, அட்டையை நனைத்து வைத்து, கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். அட்டையில் ஐந்து பட்டை. ஒவ்வொரு பட்டையிலும் மேலே ஒரு கோடு தெளிந்தது. பிறகு கீழேயும் கோடுகள் வரத் தொடங்கின. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. அப்பாவின் முகம் வெளுத்துக்கொண்டே வந்தது.

"ரெண்டு ரெண்டு கோடு," என்றார். "நாலுலயும் ரெண்டு கோடு. டீச்சரே... நாலு போதையாக்கும்!"

டீச்சர் எழுந்துவிட்டார். மாப்பிள்ளை, "நாலா?" என்று கேட்டு, அட்டையைக் குனிந்து பார்த்தார். கொரோனாக் காலத்தில் எல்லாரும் மூக்கில் குச்சி விட்டுக் கற்றுக்கொண்ட பாடம் இது: இரண்டு கோடு வந்தால் மாட்டிக்கொண்டாய். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

"அப்பா, இது தலைகீழ். இதுல ரெண்டு கோடு வந்தா ஒண்ணும் இல்லைன்னு அர்த்தம்."

யாரும் நம்பவில்லை. கிழக்கேகோட்டை பஸ்ஸில் சீட்டுக்குத் துண்டு போடுவதை வைத்துத்தான் விளக்கவேண்டியிருந்தது. கீழ்க்கோட்டில் போதைப்பொருளின் ஒரு துளியை முன்பே ஒட்டிவைத்திருப்பார்கள். சாயம் சிறுநீரோடு ஏறி வரும்போது அதைப் பிடித்துக்கொள்ளும். அப்போதுதான் கோடு தெரியும். சிறுநீரிலேயே போதைப்பொருள் இருந்தால், அது முந்திக்கொண்டு சாயத்தில் இருக்கிற இடத்தையெல்லாம் துண்டு போட்டுப் பிடித்துவிடும். கோட்டில் ஒட்டியதற்கு இடம் கிடைக்காது. ஆகவே கோடும் வராது. கோடு வந்தால் நல்லது, வராவிட்டால்தான் வினை. டீச்சர் கணக்கு டீச்சர் ஆனதால் சட்டென்று பிடித்துக்கொண்டார். "அப்போ நாலும் சுத்தம்," என்று பெருமூச்சு விட்டு உட்கார்ந்தார். அப்பாவும் வேர்வையைத் துடைத்தார்.

"அப்போ அஞ்சாவது?" என்று கேட்டது மாப்பிள்ளைதான். "அதுல கீழ கோடே இல்லையே."

நான் அப்போதுதான் ஐந்தாவது பட்டையைப் பார்த்தேன். மேல்கோடு மட்டும் பளிச்சென்று இருந்தது. கீழே வெறும் வெள்ளை. பக்கத்தில் இருந்த எழுத்தை வாசித்தேன். அபின் வகை. மார்ஃபின். அந்த மனிதரை எனக்குத் தெரியுமா? போனில் கேட்ட சிரிப்பு தெரியும், வேறென்ன தெரியும்? ஒரு கணம் நிஜமாகவே பயந்தேன். அந்தக் கணத்தில் அம்மா, கையும் ஓடாமல் காலும் ஓடாமல், பாயசச் சட்டியைக் கழுவ எடுத்துக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனாள்.

"கசகசா!" என்றேன் நான்.

"என்ன கசகசா?" என்றார் அப்பா.

"அபின் செடியோட விதைதானே கசகசா? காயைக் கீறினா வர்ற பால்லதான் அபின் இருக்கு. விதைக்குள்ள அது கிடையாது. ஆனா அந்தப் பால் விதை மேல கொஞ்சம் ஒட்டிக்கிட்டு வரும். கழுவாத புதுச் சரக்குன்னா கூடுதலாவே ஒட்டியிருக்கும். தலைக்கு ஏறாது, ஆளை மயக்காது. ஆனா இந்தக் கார்டோட மூக்கு ரொம்பக் கூர்மை. மத்தியானம் நீங்கதானே கரண்டி கரண்டியா ஊத்தினீங்க?"

சிக்கல் தீர்ந்தது என்று நான் நினைத்தேன். அப்பாவின் முகத்தைப் பார்த்தபோதுதான் சிக்கல் இப்போதுதான் ஆரம்பம் என்று புரிந்தது. மாப்பிள்ளையைச் சந்தேகப்பட்டபோதுகூட அவர் அப்படி உறுமவில்லை.

"எஞ் சரக்குல அபினா?"

"அபின்னு சொல்லலப்பா, ஒட்டிக்கிட்டு..."

"சாலையில போய்க் கேட்டுப் பாரு! பத்மநாபசாமி சன்னதியில நின்னு கேட்டுப் பாரு! எஞ் சரக்குல ஒரு தூசி உண்டுமா? ஒரு கல்லு உண்டுமா? அந்தப் பிள்ளையைக் காப்பாத்த நீ எஞ் சரக்கைக் குத்தம் சொல்லுகே!"

"குத்தமே இல்லப்பா. கசகசான்னா அப்படித்தான் இருக்கும்."

"மத்தவன் கடையில இருக்கும்!"

இப்படியாக என் கல்யாணம், மாப்பிள்ளை பெரிதா கசகசா பெரிதா என்ற இடத்தில் வந்து நின்றது. அப்பாவுக்கு இருந்தது இரண்டே வழி: ஒன்று அந்தப் பையன் அபின் தின்றிருக்கவேண்டும், அல்லது தன் சரக்கில் ஏதோ இருக்கவேண்டும். இரண்டில் எதை அவர் ஒப்புக்கொள்வார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

டீச்சர் தாழ்ந்த குரலில் கேட்டார், "உங்க லேபுல பெரிய மெஷின் உண்டுல்லா மோளே? அதுல போட்டா உள்ளது தெரியாதா?"

"அதுலயும் மார்ஃபின்னுதான் வரும் ஆன்ட்டி, ஏன்னா உள்ள இருக்கிறது மார்ஃபின்தான். கார்டு பொய் சொல்லல. அது எங்கிருந்து வந்துச்சுன்னுதான் அதுக்குத் தெரியாது. ஹெராயின் எடுத்தவங்கன்னா அதுக்குன்னு தனியா ஒரு அடையாளம் உண்டு, அதுவும் சில மணி நேரத்துல போயிடும்." சொல்லிக்கொண்டே இருக்கும்போது எனக்கு மேஜைக்கு அடியில் இருந்த பெட்டி கண்ணில் பட்டது. பெட்டி நிறைய அட்டை. வாழ்க்கையில் முதல் முறையாக அப்பாவின் மொத்தக் கொள்முதல் புத்தியை மனதார வாழ்த்தினேன்.

"வேற வழி இருக்கு," என்றேன். "இன்னைக்கு இந்தப் பாயசத்தைக் குடிச்ச எல்லாரும் சாம்பிள் குடுக்கணும். குடிக்காத ஒரு ஆளும் குடுக்கணும், ஒத்துப் பாக்க. அது நான்."

அம்மா முதலில் மறுத்தாள். சம்பந்தம் பேச வந்தவர்கள் முன்னால் ஒன்றுக்குப் போய்விட்டு அதைக் கோப்பையில் கொண்டுவருவது அவள் வளர்ந்த வளர்ப்பில் இல்லை. ஆனால் என் முகத்தை ஒருதரம் பார்த்தாள். பிறகு கோப்பையை வாங்கிக்கொண்டு, முந்தானையால் மூடி எடுத்துப் போனாள். அடுத்து நான். அடுத்தது அப்பா.

அப்பா உள்ளே போய் வெகு நேரம் வரவில்லை. குழாய் திறக்கிற சத்தம் கேட்டது, மூடுகிற சத்தம் கேட்டது. கடைசியில் கதவை ஒருக்களித்துத் திறந்து, "வரமாட்டேங்கு," என்றார். மாப்பிள்ளை சீரகத் தண்ணீர் ஒரு டம்ளர் எடுத்துக்கொண்டுபோய்க் கதவிடுக்கில் நீட்டினார். "நிதானமா மதி, அவசரமே இல்ல அங்கிள். குழாயைக் கொஞ்சம் திறந்து விட்டுக்கோங்க. அந்தச் சத்தம் கேட்டா வரும், எனக்கு அப்படித்தான் வந்துச்சு," என்றார். டீச்சர் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். அவர் தோள் குலுங்குவதை நான் பார்த்துவிட்டேன்.

மூன்று அட்டைகளையும் அப்பாவே வரிசையாக வைத்தார். என் அட்டையில் ஐந்து பட்டையிலும் இரண்டு கோடு. அம்மாவின் அட்டையில் ஐந்தாவது கோடு இல்லை. பாயசத்தை ருசி பார்க்கிறேன் என்று அவள் எவ்வளவு குடித்திருந்தாள் என்பது அன்றுதான் வெளியே வந்தது. அப்பா தன் அட்டையைக் கையில் எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, திருப்பி, கண்ணாடியைப் போட்டுப் பார்த்து, கழற்றிப் பார்த்தார். மிளகுச் சாம்பிளைக்கூட அத்தனை நேரம் பார்த்ததில்லை. ஐந்தாவது கோடு எந்தப் பக்கம் திருப்பினாலும் இல்லை.

"அப்போ நானும் அபின் தின்னியாக்கும்," என்றார்.

"வீட்டுல நான் ஒருத்திதான் சுத்தம்," என்றேன். வாயை அடக்கியிருக்கலாம், முடியவில்லை.

மாப்பிள்ளை முதலில் சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான் போனில் கேட்டிருந்தேன். நேரில் இன்னும் மோசம். சத்தமே வராமல் கண்ணில் நீர் வழிந்தது. அம்மாவும் சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை. அட்டையைக் கீழே வைத்துவிட்டு, டீச்சர் முன்னால் போய் நின்றார். தன் கடைப் படியில் எத்தனையோ ஏஜெண்டுகளை நிற்கவைத்த மனுஷன், கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"தப்பு எம்மேலதான் டீச்சரே. காலம்பற பேப்பரை எடுத்தா பயமாட்டு இருக்கு. ஒத்தப் பிள்ளையாக்கும். சரக்குன்னா தேய்ச்சுப் பாப்பேன், மோந்து பாப்பேன். ஒரு மனுஷனை எப்படிப் பாக்கணும்னு எனக்குத் தெரியல. மோந்து பாக்கவா முடியும்?"

நான் அவர்மேல் அன்று முழுக்க வைத்திருந்த கோபம் அந்த இடத்தில் போய்விட்டது. ஆனால் இனி முடிவு அவர் கையிலும் இல்லை, என் கையிலும் இல்லை. அவமானப்பட்டவர் டீச்சர். விருந்துக்கு அழைத்து மகனின் மூத்திரத்தைக் கேட்ட வீடு இது. அவர் குடையை எடுத்துக்கொண்டு படி இறங்கிவிட்டால், அதைத் தப்பு என்று யாரும் சொல்லமுடியாது. டீச்சர் மேஜையருகே வந்து, வரிசையாகக் கிடந்த அட்டைகளை விடைத்தாள் பார்ப்பதுபோல் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"அண்ணாச்சி, எத்தனையோ வருஷம் நான் பேப்பர் திருத்தியிருக்கேன்," என்றார். "சிலப்போ கேள்வியே தப்பா வந்துரும். அப்போ ஞங்க என்ன செய்வோம் தெரியுமா? அதை எழுதின பிள்ளையளுக்கு எல்லாம் முழு மார்க்கு போட்டுருவோம். பிள்ளையள் மேல குத்தமில்லல்லா. இது அதுபோல ஒரு கேள்வி. எம் பிள்ளைக்கும் மார்க்கு, உங்களுக்கும் மார்க்கு. விடுங்க."

அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். டீச்சர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"இனி எனிக்கு ஒரு கேள்வி உண்டு. அது உங்ககிட்ட இல்ல." என் பக்கம் திரும்பினார். "மோளே, ஜாதகம் பாத்தாச்சு, குடும்பம் பாத்தாச்சு, இதையும் பாத்தாச்சு. உனக்கு இவனைப் பிடிச்சிருக்கா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மாப்பிள்ளை மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். காது இரண்டும் சிவந்திருந்தது. நான் மெதுவாகச் சொல்லத்தான் நினைத்தேன்.

"பிடிச்சிருக்கு!"

கீழே கடை வரைக்கும் கேட்டிருக்கும். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்பா நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"இத நேத்தே சொல்லியிருந்தா இந்தப் பெட்டியை நான் எடுத்திருக்கவே மாட்டேனே மக்களே. ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கவே இல்லையேப்பா."

அப்பா எழுந்து என் முன்னால் வந்து நின்று, கழற்றிய கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு, டீச்சர் கேட்டதுபோலவே கேட்டார். "சரி. இப்போ நான் கேக்கேன். உனக்கு இவரப் பிடிச்சிருக்கா மக்களே?" நான் அவருக்கும் ஒரு தடவை சொன்னேன், இந்த முறை அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி.